காரைக்குடி பைண்டிங் கடை: தையல் பிரமாதம், முதுகுல மட்டும் போப்பாண்டவர்

போர்டு கிடையாது, மேப்லயும் வராது. முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைங்க வரிசையா இருக்கும்ல, பர்மா தேக்குத் தூண், எனாமல் தூக்குச்சட்டி, பெல்ஜியம் கண்ணாடின்னு ஊர் வீடுங்களோட மிச்சமெல்லாம் வந்து நிக்கிற தெரு, அதுக்குள்ள ஒரு சந்துல திரும்பி மைதாப் பசை காய்ச்சுற வாடை எங்க வருதோ அங்க நின்னுட்டீங்கன்னா அதான் கடை. கடைன்னு சொல்றதே அதிகம், ஒரு ரூமு, ஒரு இரும்புப் பிரஸ்ஸு, ஒரு தையல் சட்டம், ஒரு அண்ணே, ஒரு பையன், அவ்வளவுதான்.

நான் எதுக்குப் போனேன்னு சொல்லிடுறேன், இல்லன்னா இந்த ரிவ்யூ எதுக்கு இவ்வளவு நீளம்னு உங்களுக்குப் புரியாது. படைப்புக்கு, அதான் முன்னோருக்குப் படைக்கிற சாமி கும்பிடுக்கு, பக்கத்து ஊரு கண்டனூர் வந்திருந்தப்ப வளவுல, அதாவது பங்காளிங்க சேந்து வெச்சிருக்கிற பெரிய வீட்டுல, எங்க ஐயாவோட (அப்பாவோட அப்பா) அறையத் தொறந்து சுத்தம் பண்ணினோம். தகரப் பெட்டில பழைய பேரேட்டுக்கு அடியில ஒரு தடிப் புத்தகம், ஜி.யு.போப்போட திருவாசகம், ஆக்ஸ்ஃபோர்டுல 1900ல அச்சடிச்சது, ஒரு பக்கம் தமிழ் மூலம் அதோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, பின்னாடி அகராதி வேற. ஐயா ரங்கூன்ல மொகல் தெருக் கடையில அடுத்தாளா, அதான் மேலாளுக்கு அடுத்த கணக்காளா, இருந்தப்ப யாருகிட்டயோ பழசா வாங்கினாகளாம், ரெண்டாவது உலகச் சண்டைக்கு முன்னாடி கப்பல் ஏறி வந்தப்ப பெட்டியில வேற என்ன வந்துச்சோ இல்லயோ இது வந்துச்சு. முகப்புல உக்காந்து அவுக இத மடியில வெச்சுப் படிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, தமிழ்ப் பாட்ட சத்தமா படிப்பாக, இங்கிலீஷ வாய்க்குள்ளயே முணுமுணுப்பாக.

இப்ப அதோட நெலமை என்னன்னா அட்டை தனியா கழண்டு கையோட வருது, தையல் நூல் இத்துப்போச்சு, ராமபாணப் பூச்சி முதுகுப் பக்கம் பசையத் தின்னுட்டு அப்படியே உள்ள இறங்கியிருக்கு. ஆனா தாள் நல்லா இருக்கு. அந்தக் காலத்து ஆக்ஸ்ஃபோர்டு தாள், நம்ம இருபது வருசத்துக்கு முந்தி வாங்கின நாவல் எல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்குறப்ப இது இன்னும் வளையுது.

இதுக்கு முன்னாடி சென்னையில ஒரு பைண்டர்ட்ட வேற ஒரு பழைய புத்தகம் குடுத்து சூடு கண்டிருக்கேன். என்னா பண்ணாங்கன்னா முதுக அப்படியே மெஷின்ல வெட்டி பெவிகால் ஊத்தி ஒட்டி, மூணு பக்கமும் கட்டிங் போட்டு, பள பளன்னு ரெக்ஸின்ல குடுத்தாங்க, பாக்க ஜோரா இருந்துச்சு, விரிச்சா விரியாது, அமுக்கி விரிச்சா பக்கம் கழண்டு வரும். அதவிட ஓரத்துல இருந்த எழுத்து எல்லாம் கட்டிங்ல போச்சு. இந்தப் புத்தகத்துல எனக்கு அதுதான் பயம், ஏன்னா பக்கத்துக்குப் பக்கம் ஐயாவோட பென்சில் எழுத்து இருக்கு. போப் மாணிக்கவாசகரப் பத்திச் சொல்லும்போது ஒரு எடத்துல கிறிஸ்தவ மகான்கள் செயின்ட் பாலையும் அசிசி பிரான்சிஸையும் சேத்தாப்புல இருக்கிறவர்னு சொல்வாரு, அதுக்குப் பக்கத்துல ஐயா "யார் இவர்? விசாரிக்கவும்"னு எழுதியிருக்காக. இன்னொரு எடத்துல "இங்கே பாதிரி பேசுகிறார்". வேறொரு எடத்துல வெறும் ஒரு டிக் மார்க், கணக்குப்பிள்ளை வரவு சரிபாத்துப் போடுற டிக்கு. இதெல்லாம் ஓரத்தோட ஓரமா இருக்கு, கால் அங்குலம் வெட்டினாக் கூட போயிரும்.

சந்துக் கடை அண்ணே புத்தகத்த வாங்கி உடனே விலை சொல்லல, அதுதான் எனக்கு முதல்ல புடிச்சது. கையத் தொடச்சுட்டு, ஒவ்வொரு ஃபாரமா (மடிச்ச தாள் கட்டு) எண்ணி, எங்க தையல் விட்டிருக்கு, எந்தத் தாள் ஒத்தையா நிக்குதுன்னு ஒரு துண்டுச் சீட்டுல குறிச்சாரு. அப்புறம் ஓரத்துப் பென்சில் எழுத்தப் பாத்து, "தம்பி, இதுக்கு கட்டிங் போடக் கூடாது, ஓரம் கொஞ்சம் ஏத்த எறக்கமாத்தான் நிக்கும், பரவாயில்லையா"ன்னு அவராவே கேட்டாரு. எனக்கு அங்கயே பாதி நிம்மதி. அவங்க அப்பா காலத்துல இந்தச் சுத்துப்பட்டு செட்டியார் வீடுங்களுக்கெல்லாம் பேரேடு தெச்சுக் குடுத்தவங்களாம். பேரேடு தெக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம் தெரியும், ஒன்னு புத்தகம் மேசையில தட்டையா விரியணும், ரெண்டு ஒரு தாள் கூட காணாமப் போகக் கூடாது, போனா கணக்குல சண்டை வரும். இந்தக் கடையில இன்னிக்கும் அந்தப் பழக்கம்தான் ஓடுது.

1,600 ரூபா, அட்வான்ஸ் 500, பத்து நாள்னு சொன்னாரு. பத்தொம்பது நாள் ஆச்சு, அத அப்புறம் சொல்றேன்.

வேலை எப்படின்னா, பழைய பசைய ஈரத்துணி வெச்சு ஊறவெச்சு சொரண்டி எடுத்து, பூச்சி தின்ன மடிப்புக்கெல்லாம் மெல்லிசு தாள் ஒட்டி, மெழுகு தேச்ச நூல்ல ஃபாரம் ஃபாரமா சட்டத்துல கட்டித் தெச்சு, துத்தம் கலந்த பசை போட்டு, முதுகுக்கு ஆட்டுத்தோல், மீதிக்குக் கருநீலக் காலிக்கோத் துணி. பழைய அட்டையத் தூக்கிப் போடாம உள் பக்கமா ஒட்டிக் குடுத்திருக்காரு, அத நான் கேக்கவே இல்ல. இப்ப புத்தகத்த எங்க தொறந்தாலும் அப்படியே படுத்துக்குது, முதுகு முறியிற மாதிரி சத்தம் கூட வர்றதில்ல.

சரி, இப்ப விவகாரத்துக்கு வர்றேன். பத்தாவது நாள் போய் நின்னேன். பையன் பெருமையா எடுத்துக் காட்டுறான். முதுகுல தங்க எழுத்துல, பித்தளை எழுத்து ஒன்னு ஒன்னா சூடு பண்ணி அடிச்சது, அளவு தவறாம நடு மத்தியில, அவ்வளவு அழகு.

திருவாசகம்
போப்பாண்டவர்

ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சே வரல. அண்ணே கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு பையனப் பாக்குறாரு. பையன் தேவகோட்டைப் பக்கம், ஆர்.சி. குடும்பம், அதாவது ரோமன் கத்தோலிக்கரு, அவன் சொன்ன காரணத்தக் கேட்டா கோவமே வராது, "சீட்டுல போப்புன்னு மட்டும் மொட்டையா எழுதியிருந்துச்சு சார், மரியாதையா இருக்காதேன்னு நாந்தான் சேத்தேன்."

மரியாதைக்காகச் சேத்தவன்ட்ட என்னத்தச் சண்டை போடுறது. டீ சொன்னாங்க, உக்காந்து சொன்னேன். தம்பி இவரு ரோமாபுரி போப் இல்ல, போப்புங்கறது அவரோட குடும்பப் பேரு, ஜார்ஜ் அக்லோ போப், இவரு ஆங்கிலிகன் பாதிரி, அதாவது இங்கிலாந்து ராஜா பக்கத்துச் சபை, அவங்க போப்பாண்டவர்ட்டேர்ந்து பிரிஞ்சு முன்னூறு வருசத்துக்கு அப்புறம் இந்த ஊருக்கு வந்தவரு, நம்ம பக்கம் அந்தச் சபை 1947ல சி.எஸ்.ஐ.ல சேந்துருச்சுன்னு. அவன் கேட்டான், "அப்ப கல்யாணம் ஆனவரா சார்?" ஆமாப்பா ரெண்டு கல்யாணம், மொத மனைவி 1845ல தூத்துக்குடியிலயே தவறிட்டாங்க, அப்புறம் நாலு வருசம் கழிச்சு ரெண்டாவது. பையன் போப்பாண்டவர்னு அடிச்ச எழுத்த மறுபடி ஒரு தடவ பாத்தான், அப்பதான் அவனுக்கே சிரிப்பு வந்துச்சு.

அன்னிக்கு அந்தக் கடையில ஒன்னரை மணி நேரம் போச்சு, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கொட்டிட்டேன், அண்ணே கை வேலைய விடாம கேட்டுக்கிட்டே இருந்தாரு. போப் பொறந்தது 1820 ஏப்ரல் 24, கனடாவுல பிரின்ஸ் எட்வர்ட் தீவு. ஆறு வயசுல குடும்பத்தோட இங்கிலாந்து. மொதல்ல வெஸ்லியன் மெத்தடிஸ்ட்ங்கற வேற சபை ஆளாத்தான் 1839ல மெட்ராஸ் வந்து இறங்கினாரு, வந்த கொஞ்ச நாள்லயே ஆங்கிலிகன் சபைக்கு மாறி 1843ல குருப்பட்டம் வாங்கிட்டாரு. தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரத்துல பள்ளிக்கூடம் வெச்சு நடத்தினாரு, இன்னிக்கும் அந்த ஊர்ல அவரு பேர்ல காலேஜ் இருக்கு. அப்புறம் தஞ்சாவூர். அங்க லுத்தரன்ங்கற இன்னொரு கிறிஸ்தவ சபையோட மிஷன்காரங்களோட பெரிய தகராறு, அதுக்குன்னே ஒரு துண்டுப் புத்தகம் போடுற அளவுக்கு. இத சொன்னதும் அண்ணே, "அவுகளுக்குள்ளயும் பங்காளிச் சண்டையா"ன்னு கேட்டாரு பாருங்க, அதுக்கு மேல அத யாரும் விளக்க முடியாது.

அப்புறம் ஊட்டியில பள்ளிக்கூடம், 1871லேர்ந்து பெங்களூர் பிஷப் காட்டன் ஸ்கூல். வாத்தியாரா ரொம்பக் கண்டிப்பான ஆளுன்னு பேரு. எனக்கு அவரோட வாழ்க்கையில இந்த நடுப்பகுதி அவ்வளவா சுவாரசியம் இல்ல, ஆனா இலக்கணத்த கேள்வி பதிலா பிரிச்சுப் பள்ளிக்கூடப் புத்தகம் எழுதினதெல்லாம் இந்த வாத்தியார் புத்தியிலேர்ந்துதான் வந்திருக்கணும். அவருக்கே தமிழ் சொல்லிக் குடுத்தவரு மெட்ராஸ்ல ராமானுஜக் கவிராயரு, பெரிய வித்துவான், பல வெள்ளைக்காரங்களுக்கு வாத்தியாரு.

முக்கியமான சங்கதி என்னன்னா, இந்த மனுஷன் அறுபது தாண்டி இந்தியாவ விட்டு ஊர் திரும்பினதுக்கு அப்புறம்தான் பெரிய வேலை எல்லாம். நம்மாளுங்க ரிட்டயர்டு ஆனா வாக்கிங் போவோம், பேரப்புள்ளைய ஸ்கூல்ல விடுவோம், இவரு ஆக்ஸ்ஃபோர்டுல 1884லேர்ந்து தமிழும் தெலுங்கும் சொல்லிக் குடுத்துக்கிட்டு, பேலியல் காலேஜ்ல பாதிரி வேலையும் பாத்துக்கிட்டு, 1886ல திருக்குறள் 1330ஐயும் இங்கிலீஷ் செய்யுளாக்கி, 1893ல நாலடியார் முடிச்சு, அதுக்கப்புறம் திருவாசகத்தக் கையில எடுக்குறாரு. திருவாசக முன்னுரையில ஒரு விஷயம் இருக்கு, ராத்திரி காலேஜ் முற்றத்துல தலைவர் ஜோவெட்டோட நடந்துக்கிட்டே, இத முடிக்கிற வரைக்கும் நான் உசுரோட இருப்பேனான்னு போப் சொன்னப்ப, பெரிய வேலை ஒன்னு கையில இருந்தாலே ஆயுசு நீளும், முடிக்கிற வரைக்கும் நீ இருப்பேங்கற மாதிரி ஜோவெட் சொன்னாராம். சொன்ன ஜோவெட் 1893ல போயிட்டாரு. இவரு முடிச்சு முன்னுரையில தேதி போட்டது 1900 ஏப்ரல் 24, தன்னோட எம்பதாவது பொறந்தநாளு. மொத தமிழ்ப்பாடம் படிச்சது 1837லன்னும் அதுலயே எழுதியிருக்காரு. அறுபத்து மூணு வருசம்! நம்ம ஊர்ல எம்பதாவது வயசுக்கு சதாபிஷேகம் பண்ணி, ஊரக் கூட்டி, சாப்பாடு போடுவோம். இவரு அச்சுக்குக் குடுத்துட்டாரு.

அதுக்காக அவரு சொன்னது எல்லாத்தையும் நான் ஒத்துக்குற ஆளு இல்ல. திருவள்ளுவர் மயிலாப்பூர்ல கிறிஸ்தவங்கள்ட்ட உபதேசம் கேட்டிருக்கணும்னு அவரு கட்டின கதைக்கெல்லாம் ஆதாரம் கிடையாது. திருவாசகத்துலயும் அங்கங்க அவருக்குள்ள இருக்கிற பாதிரி எட்டிப் பாப்பாரு. ஐயா அந்த எடத்துல எல்லாம் பென்சில எடுத்துட்டாக. ஆனா அதே புத்தகத்தத்தான் அம்பது வருசம் படிச்சாக, வேற பதிப்பு வீட்டுல இருக்கையிலயே. எங்க வளவுல வருசா வருசம் திருவாசகம் முற்றோதுதல் நடக்கும், காலையில ஆரம்பிச்சு 51 பதிகமும் முடிக்க சாயங்காலம் ஆயிரும், எல்லாரும் சின்னச் சின்ன பக்திப் புத்தகம் வெச்சிருப்பாக, ஐயா மட்டும் இந்தத் தலகாணி சைஸ் புத்தகத்தோட வந்து உக்காருவாக. அப்பத்தா கேலி பண்ணுவாக, "வெள்ளக்காரன் கண்ணாடி போட்டுத்தான் சாமியப் பாக்கணுமோ"ன்னு. ராஜா குதிரை வாங்கக் குடுத்த பணத்த எல்லாம் மாணிக்கவாசகரு செலவழிச்ச திருப்பெருந்துறை, நம்ம ஆவுடையார்கோயில்தான், வண்டி எடுத்தா இங்கேர்ந்து சீக்கிரமே போயிரலாம். வட்டித் தொழில் பண்ணின குடும்பத்துல இப்படி ராஜா பணத்தக் கோயிலுக்குப் போட்ட மனுஷன் பாட்ட இவ்வளவு உருகிப் படிச்சது எனக்கு எப்பவும் ஒரு ஆச்சரியம்தான்.

பேச்சுக்கு நடுவுல அண்ணே எல்லாரும் கேக்குற கேள்வியக் கேட்டாரு, "கல்லறையில 'ஒரு தமிழ் மாணவன் இங்க உறங்குறான்'னு எழுதச் சொன்னாராமே?" நானும் ஸ்கூல்ல அப்படித்தான் படிச்சேன், மேடையில பேசியும் பரிசு வாங்கியிருக்கேன். அங்க இருக்கிற மச்சான் ஒருத்தன் ஆக்ஸ்ஃபோர்டு செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் போட்டோ எடுத்து அனுப்பினான், மாணவன்ங்கற வார்த்தையே அதுல இல்ல. பேருக்குப் பக்கத்துல தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்னு போட்டு, தமிழ் தெலுங்கு ஆசிரியரு, பேலியல் காலேஜ் பாதிரி, பொறந்த தேதி, எறந்த தேதி 1908 பிப்ரவரி 11, அப்புறம் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேந்து வெச்ச கல்லுன்னு இருக்கு. மொதல்ல எனக்கு ஏமாத்தமாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சா, நமக்கு ஆளு யாருன்னு தெரியணும்னா மொதல்ல எந்த ஊரு, அடுத்து எந்தக் கோயில்னுதான கேப்போம், கனடாவுல பொறந்து ப்ளிமத்துல வளந்து ஆக்ஸ்ஃபோர்டுல செத்தவருக்கு ஊர்ப்பேரு தென்னிந்தியான்னு போட்டிருக்கான். மாணவன்ங்கறத விட எனக்கு இது பெருசாப் படுது. அண்ணே ஒத்துக்கல, "மாணவன்தான் தம்பி நல்லாருக்கு"ன்னுட்டாரு.

சரி முதுகு எழுத்து. தோல்ல சூடு வெச்சு அடிச்ச தங்கத்த அழிக்க முடியாது, தேச்சா தோலு உரிஞ்சிரும். முழு முதுகையும் மாத்தினா தையல்ல கை வைக்கணும், அதுக்கு அண்ணே சம்மதிக்கல, நானும் வேண்டாம்னுட்டேன். கடைசில மெல்லிசா சீவின செவப்புத் தோல் துண்டு ஒன்ன அதே எடத்துல மேல ஒட்டி, அதுல திருவாசகம், ஜி.யு.போப்னு புதுசா அடிச்சுத் தர்றேன்னாரு, பழைய இங்கிலீஷ் புத்தகங்கள்ல இப்படி லேபிள் ஒட்டுறது உண்டு, பாக்க அது வேணும்னே பண்ணின அலங்காரம் மாதிரித்தான் இருக்கு. இதுக்குத்தான் ஒம்பது நாள் கூட ஆச்சு. கூடக் காசு வாங்கல. நூறு ரூபா கொறைக்கக் கூட வந்தாரு, நாந்தான் வேண்டாம்னு முழுசாக் குடுத்தேன். வெளிச்சத்துல சாய்ச்சுப் புடிச்சா லேபிளுக்கு அடியில போப்பாண்டவர் லேசாப் பொடைச்சுக்கிட்டு தெரியிறாரு. வீட்டுக்கு வர்ற எல்லாருக்கும் அதத்தான் மொதல்ல காட்டுறேன், தையல யாரும் பாக்க மாட்டேங்குறாங்க.

போறவங்களுக்குச் சில விஷயம். எழுத்து என்ன வரணும்னு நீங்களே கொட்டை எழுத்துல எழுதிக் குடுங்க, எழுத்துக்கு எழுத்து அப்படியே அடிக்கச் சொல்லுங்க, வாயால சொல்லாதீங்க. பத்து நாள்னா இருவதுன்னு வெச்சுக்கங்க. மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலரை வரைக்கும் பூட்டு. ஜி பே இல்ல, காசு கொண்டு போங்க. காலேஜ் ப்ராஜெக்ட், ஸ்பைரல் அதெல்லாம் பண்ண மாட்டாரு, கேட்டா பஸ் ஸ்டாண்டு பக்கம் போகச் சொல்லுவாரு, கொஞ்சம் முகத்துல அடிச்ச மாதிரித்தான் சொல்லுவாரு, மனசுல வெச்சுக்காதீங்க. சாயங்காலமா போனா சந்து முக்குல ஒரு ஆச்சி வெள்ளைப் பணியாரம் போடுறாக, வரமொளகாச் சட்னியோட, புத்தகத்தக் குடுத்துட்டு அப்புறமா சாப்புடுங்க, எண்ணெக் கையோட தாளத் தொட்டா அண்ணே திட்டுவாரு. வேலைக்கு அஞ்சுக்கு அஞ்சு, சொன்ன தேதிக்கு அஞ்சுக்கு ரெண்டு.

போன வாரம் அப்பத்தாவோட சமையல் நோட்டு ஒன்ன எடுத்துட்டுப் போனேன், எண்ணெயும் மஞ்சளும் ஏறிப் பக்கமெல்லாம் ஒட்டிக் கெடக்கு. பையன் வாங்கி வெச்சுட்டு, நான் எதுவும் சொல்றதுக்கு முன்னாடியே பேப்பரும் பேனாவும் நீட்டினான், "எழுதிக் குடுத்துருங்க சார்."

நானும் எழுதிக் குடுத்தேன். குடுத்ததுக்கு அப்புறம்தான் எனக்கே ஒரு சந்தேகம், அப்பத்தா பேரு மொட்டையா இருக்கேன்னு, திருப்பி வாங்கி முன்னாடி "ஆச்சி"யச் சேத்துக் குடுத்தேன்.